மூன்று வருடம் படித்த பிறகும் முதலாண்டா?

மலேசியாவில் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியரின் அறையில் நிற்க இடம் இருக்காது. முன்பெல்லாம் அது மார்ச் மாதம். கோவிட் காலத்தில் ஜூனுக்குப் போனது, 2024-இல் மே கடைசிக்கும் 2025-இல் ஏப்ரலுக்கும் மெல்லத் திரும்பியது. மாதம் மாறினாலும் வருகிறவர்கள் மாறுவதில்லை. முடிவுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்திருக்கும் அம்மா, சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அப்பா, எல்லாம் தெரிந்தவன் போல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பையன். ஜொகூரில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் மாசாய், ஸ்கூடாய் பக்கம் கோயில் மண்டபங்களில் மேற்கல்வி முகாம் நடந்தால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

எஸ்.பி.எம். கூட்டத்துக்கு வழிகாட்ட இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது சத்தமில்லாமல் வரும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி. டிப்ளோமா முடித்துவிட்டு டிகிரிக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று ஒரு கேள்வி உண்டு, வார்த்தைகூட அதிகம் மாறாது.

“டீச்சர், மூனு வருஷம் படிச்சு முடிச்சாச்சு. இப்ப போய் மறுபடியும் ஃபர்ஸ்ட் இயரா?”

கேட்பது பெரும்பாலும் பிள்ளையில்லை, பெற்றோர். பிள்ளைக்கு அதற்குள் பாதி விஷயம் தெரிந்திருக்கும், சொல்லப் பயந்து நிற்கும்.

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. பிள்ளை எந்த வழியாக வந்தது, எங்கே போகிறது, இரண்டுக்கும் எவ்வளவு பொருத்தம் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொடுமை என்னவென்றால், பதிலை முடிவு செய்யும் விஷயங்கள் எல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பே, அந்த எஸ்.பி.எம். வாரத்தின் பரபரப்பிலேயே முடிவாகிவிட்டிருக்கும். அப்போது யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

முதலில் வழிகள். பதினேழு வயதில் எஸ்.பி.எம். முடிக்கிற பிள்ளைக்கு அரசாங்கத்தில் பல பாதைகள் ஒரே சமயத்தில் திறக்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகங்களின் அசாசி என்ற அடிப்படைப் படிப்பு, டிப்ளோமா, போலிடெக்னிக் எல்லாம் யூ.பி.யூ. என்ற பொதுச் சேர்க்கைப் பிரிவு வழியாக. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனுக்குக் கல்வியமைச்சிடம் தனி விண்ணப்பம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு இன்னொன்று. எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஆறாம் படிவத்துக்கு அழைப்பு வரும், பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. யூ.பி.யூ.வில் விண்ணப்பித்தால் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்த மாதிரி என்று நினைத்து மெட்ரிகுலேஷன் தேதியைத் தவறவிட்ட குடும்பங்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

டிகிரிக்கு விண்ணப்பிக்கும்போது யூ.பி.யூ. எஸ்.டி.பி.எம். முடித்தவரையும், மெட்ரிகுலேஷன், அசாசி முடித்தவரையும், டிப்ளோமா முடித்தவரையும் ஒரே கட்டத்தில் விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஆனால் உள்ளே ஒவ்வொருவருக்கும் தகுதி நிபந்தனை வேறு. ஒரே படிப்புக்கு எஸ்.டி.பி.எம். பிள்ளையிடம் குறிப்பிட்ட பாடங்களில் இத்தனை கிரேடு என்று கேட்பார்கள். டிப்ளோமா பிள்ளையிடம் தொடர்புள்ள துறையில் டிப்ளோமாவும், சி.ஜி.பி.ஏ. என்ற மொத்தத் தரப்புள்ளி இத்தனை என்றும் கேட்பார்கள். அந்தத் ‘தொடர்புள்ள துறை’ என்ற இரண்டு வார்த்தையில்தான் பல கனவுகள் இடறி விழுகின்றன. சுற்றுலாத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுச் சட்டம் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். நல்ல மதிப்பெண். ஆனால் அந்த டிப்ளோமாவுக்கும் அவள் ஆசைக்கும் நடுவே பாலமே இல்லை. அதே எஸ்.பி.எம். முடிவோடு ஆறாம் படிவம் போயிருந்தால் சட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வரிசையிலாவது நின்றிருப்பாள்.

இனி என் தொழிலில் எனக்குப் பிடித்த வகைப் பிள்ளைகளைச் சொல்கிறேன். கோலேஜ் வொக்கேஷனல் பிள்ளைகள். பழைய தொழிற்பள்ளிகள் 2012 முதல் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டன. ஜொகூரில் குளுவாங், சிகாமட், பத்து பகாட், மூவார், கோத்தா திங்கி, ஜொகூர் பாரு என்று பல இடங்களில் உண்டு. மூன்றாம் படிவம் முடித்து, பதினாறு வயதில் உள்ளே போகும் பிள்ளை முதல் இரண்டு வருடம் எஸ்.வி.எம். என்ற தொழிற்கல்விச் சான்றிதழுக்குப் படிக்கிறது. எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியையும் வரலாற்றையும் மட்டும் எழுதுகிறது. தகுதி பெற்றால் அடுத்த இரண்டு வருடம் அங்கேயே டிப்ளோமா. பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் ஒரே கூரையின் கீழ் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் படிப்பு அது. பத்தொன்பது வயதில் கையில் டிப்ளோமா, கூடவே வெல்டிங்கோ மின்கம்பியிணைப்போ மோட்டார் பழுதுபார்ப்போ நன்றாகத் தெரிந்த விரல்கள்.

நம் சமூகத்தில் இதற்கு மதிப்பில்லை. ‘பாஸாகாத பிள்ளைங்க போற எடம்’ என்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு காரணமும் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் இந்த டிப்ளோமாவை வைத்து எங்கே மேலே படிப்பது என்று கல்லூரிக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் முழு எஸ்.பி.எம். கேட்கும், இந்தப் பிள்ளைகளிடம் அது இருக்காது. பிறகு எம்.டி.யூ.என். என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு இவர்களுக்கும் போலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் வழிவிட்டது. அதிலுள்ள நான்கில் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பத்து பகாட் அருகே பாரிட் ராஜாவில் 1993-இல் ஒரு பயிற்சி மையமாகத் தொடங்கி, 2007-இல் முழுப் பல்கலைக்கழகமான யூ.டி.எச்.எம். அதற்குப் பாகோவில் இன்னொரு வளாகமும் உண்டு. பொறியியல் தொழில்நுட்பத் துறை அங்கேதான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்த பையனைப் பல்கலைக்கழகம் முதலாண்டிலேயே சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கொதிக்கிறார். நான் ஒரு காகிதத்தை எடுத்து வயதை எழுதுவேன். எஸ்.டி.பி.எம். எழுதிய பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றரை வருடம் படித்து, முடிவுக்காகக் காத்திருந்து, பல்கலைக்கழகம் நுழையும்போது வயது பத்தொன்பது முடிந்து இருபதை நெருங்கும். உங்கள் பையனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் கையில் கூடுதலாக ஒரு டிப்ளோமா இருக்கிறது. அப்படியிருக்க எங்கே நஷ்டம்? முதலாண்டில் சேர்ந்தாலும் அவன் யாருக்கும் பின்னால் இல்லை.

போலிடெக்னிக் பிள்ளையின் கணக்கு வேறு. எஸ்.பி.எம். முடித்த பிறகு ஏறக்குறைய மூன்று வருட டிப்ளோமா. பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக், மெர்சிங்கில் ஒன்று, பாகோவில் ஒன்று. கட்டணம் மலிவு, வேலைக்கேற்ற படிப்பு. முடிக்கும்போது வயது இருபது, இருபத்தொன்று. அதற்கு மேல் நான்கு வருடப் பொறியியல் டிகிரியை முதலிலிருந்து படித்தால் இருபத்தைந்து. மெட்ரிகுலேஷன் போன நண்பன் அதற்குள் வேலையில் சேர்ந்து கார் வாங்கியிருப்பான். இங்கேதான் கிரெடிட் மாற்றம் உண்மையிலேயே முக்கியமாகிறது.

கிரெடிட் மாற்றம் என்றதும் பெற்றோர் நினைப்பது, டிப்ளோமாவில் படித்த மொத்தமும் அப்படியே டிகிரிக்குள் வந்துவிடும் என்று. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: அன்றைக்கு லோரியில் ஏற்றிய எல்லாச் சாமானும் புது வீட்டு வாசலுக்குள் நுழைந்ததா? கட்டில் நுழைந்தது, அம்மி வெளியே நின்றது. எது நுழையும் என்பதற்கு எம்.கியூ.ஏ. என்ற தகுதி ஆணையம் விதி வைத்திருக்கிறது. 2007-இல் அமைந்த அமைப்பு அது, நாட்டில் எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டு என்பதற்கு அதுதான் இறுதி வார்த்தை.

டிப்ளோமாவிலிருந்து டிகிரிக்கு ஏறும்போது டிகிரியின் மொத்தக் கிரெடிட்டில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் மாற்ற முடியாது. 120 கிரெடிட் டிகிரி என்றால் அதிகபட்சம் 36. 135 என்றால் 40. ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து முதல் பதினெட்டு கிரெடிட் படிக்கிறார்கள் என்பதால், எல்லாம் கூடிவந்தால் இரண்டு செமஸ்டர், அதாவது ஒரு வருடம் குறையும். அதற்கு மேல் குறையும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு பாடமும் தனித்தனியாகத் தேறவேண்டும். டிப்ளோமாவில் அந்தப் பாடத்தில் குறைந்தது ‘சி’ எடுத்திருக்க வேண்டும். சி மைனஸ் போதாது. டிப்ளோமாவில் ‘பாஸ்’ என்று இருந்ததே என்று பையன் வாதாடுவான். டிப்ளோமா முடிக்க அது பாஸ், மாற்றத்துக்கு அது பாஸில்லை. அடுத்தது, பாடத்தின் உள்ளடக்கம் குறைந்தது எண்பது விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். கிரெடிட் எண்ணிக்கையும் ஈடாக இருக்கவேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் பாடம் ஒன்றாகிவிடாது. டிப்ளோமாவில் படித்த கணிதமும் டிகிரியின் பொறியியல் கணிதமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கால்குலஸ் பகுதியில் இடைவெளி விழும். பட்டறைப் பாடங்களும் கணினி வரைகலையும் அடிப்படை மின்னியலும் எளிதில் தேறும். எம்.பி.யூ. என்ற பொதுப்பாடங்கள் டிப்ளோமாவில் படித்திருந்தாலும் டிகிரி நிலையில் பெரும்பாலும் மறுபடி படிக்க வேண்டியதுதான்.

இதை ஒத்துப்பார்ப்பது பல்கலைக்கழகத் துறை ஆசிரியர்கள். அவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பாடத்திட்ட விவரத்தாளைப் பார்ப்பார்கள். வாரவாரியாக என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம், எப்படித் தேர்வு வைத்தார்கள் என்று எழுதியிருக்கும் தாள் அது. டிப்ளோமா படிக்கும்போது ஒவ்வொரு செமஸ்டரின் முதல் வகுப்பிலும் கையில் கொடுப்பார்கள், பிள்ளைகள் அதை மடித்து பர்கர் வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். கிரெடிட் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது பல்கலைக்கழகத்தில் பதிந்த பிறகு, அதுவும் முதல் சில வாரங்களுக்குள். அந்தச் சில வாரத்தில் பழைய கல்லூரிக்கு ஓடி, தாளைத் தேடி, முத்திரை வாங்கி வருவதற்குள் கடைசி நாள் போய்விடும். தகுதியிருந்தும் இப்படித் தாள் இல்லாமல் ஒரு வருடத்தை இழந்தவர்களை நான் பார்த்த மாதிரி, தகுதியில்லாமல் இழந்தவர்களைப் பார்த்ததில்லை.

பாடங்கள் தேறினாலும் வருடம் குறையாமல் போவதுண்டு. இது பெற்றோருக்குச் சொல்லிப் புரியவைக்க மிகக் கடினமான இடம். முதலாண்டுக் கணிதத்தை முடித்தால்தான் இரண்டாமாண்டுக் கணிதம், அதை முடித்தால்தான் மூன்றாமாண்டின் ஒரு பாடம் என்று சங்கிலி இருக்கும். பையனின் பத்துப் பாடம் மாற்றப்பட்டு, அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் மாற்றப்படாமல் இருந்தால், அவன் செமஸ்டருக்கு மூன்று நான்கு பாடம் மட்டும் படித்துக்கொண்டு அதே நான்கு வருடம் அங்கே இருப்பான். காகிதத்தில் 36 கிரெடிட் மிச்சம், நாட்காட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே என்னிடம் வரும் பிள்ளைகளிடம் எத்தனை கிரெடிட் மாறும் என்று கேட்பதற்கு முன் கணிதத்தில் என்ன கிரேடு என்று கேட்பேன்.

குறைத்தே ஆகவேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. நான் இதில் சக ஆலோசகர்கள் பலரோடு முரண்படுகிறவள். மாற்றப்பட்ட பாடத்துக்குப் பெரும்பாலும் கிரெடிட் மட்டும் கிடைக்கும், மதிப்பெண் சி.ஜி.பி.ஏ.யில் சேராது. முதலாண்டுப் பாடங்கள் டிப்ளோமா பிள்ளைக்குத் தெரிந்த பாடங்கள். அங்கே ‘ஏ’ வாங்கி, சி.ஜி.பி.ஏ.யை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு நேராக இரண்டாமாண்டின் கடினமான பாடங்களுக்குள் குதித்தால், முதல் செமஸ்டரே 2.3-க்கு இறங்கி, மீளவே முடியாமல் போனவர்கள் உண்டு. கணிதத்தில் தடுமாறும் பையனை, மாற்றத் தகுதியிருந்தாலும் கணிதப் பாடத்தை மாற்றாதே, உட்கார்ந்து படி என்றுதான் சொல்வேன். மாற்றம் உரிமை, கட்டாயமில்லை. மறுபக்கம், தம்பி தங்கைகள் பின்னால் வரிசையில் நிற்கும் வீட்டில் ஒரு வருட விடுதிச் செலவும் ஒரு வருட பி.டி.பி.டி.என். கல்விக்கடனும் சின்ன விஷயமில்லை. வீட்டைத் தெரியாமல் இந்த ஆலோசனையைச் சொல்ல முடியாது. அதனால்தான் நான் கைப்பேசியில் கேட்பவர்களிடம், நேரில் வாங்க, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க என்பேன்.

எந்த டிகிரி என்பதிலும் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். டிப்ளோமா முடித்த எல்லோரும் ஸ்கூடாய் யூ.டி.எம். பல்கலைக்கழகத்தில் பொறியியல்தான் கேட்கிறார்கள். பெயர் பெரிய பெயர், 1985-இல் வளாகம் திறந்ததிலிருந்து தென்பகுதிப் பெற்றோரின் கனவு. ஆனால் செய்முறையில் கெட்டியான பிள்ளைக்குப் பொறியியல் தொழில்நுட்ப டிகிரி அதிகம் பொருந்தும். டிப்ளோமாவிலிருந்து வருகிறவர்களையும் மனத்தில் வைத்து அமைத்த படிப்பு அது, பாடங்களும் அதிகம் ஒத்துப்போகும். ‘டெக்னோலஜிஸ்ட்டா? அப்ப எஞ்சினியர் இல்லையா?’ என்று ஒரு அம்மா முகம் சுளித்தார். இரண்டும் வேறு தொழில்தகுதி, இரண்டுக்கும் தனித்தனி வாரியம் உண்டு என்று விளக்கினேன். சமாதானமாகவில்லை. பையன் பாகோ போனான். அம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம் எஞ்சினியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் திருத்துவதில்லை.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. ஜொகூர் பாரு ஹோட்டல்களில் கல்விக் கண்காட்சி நடக்கும். பலூன், பை, பேனா, ‘டைரெக்ட் இயர் டூ’ என்று பெரிய எழுத்து. ஒரு மாணவிக்கு வாய்வார்த்தையாக இரண்டாமாண்டு என்று உறுதி சொன்னார்கள். முன்பணமும் கட்டிவிட்டார்கள். வந்த கடிதத்தில் ‘துறையின் முடிவுக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி இருந்தது. துறை முடிவு செய்தது, முதலாண்டு என்று. அந்தக் குடும்பம் என்னிடம் வந்தபோது பணம் திரும்பும் நாள் தாண்டிவிட்டது. எல்லாத் தனியார் நிறுவனங்களும் அப்படியில்லை. பணம் கட்டும் முன்பே பாடம்வாரியாகப் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பட்டியல் தருவார்களா என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். படிப்புக்கு முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்பதை எம்.கியூ.ஏ.யின் இணையப் பட்டியல்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷன் படிப்பு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் டிகிரிக்குத்தான் பயன்படும், அதை வைத்து அரசாங்கப் பல்கலைக்கழகம் போகலாம் என்று எண்ணிச் சேரக்கூடாது.

ஏற்கெனவே கல்லூரிப் பாடம் படித்து வருகிறவர் புது மாணவரா, மாறிவந்தவரா என்ற குழப்பம் நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளியில் இருக்கும்போதே பக்கத்துக் கல்லூரியில் பாடம் படித்துக் கிரெடிட் சேர்ப்பது பரவலான வழக்கம். சில பிள்ளைகள் பள்ளியை முடிக்கும்போது கல்லூரியில் ஒரு வருடத்துக்கு மேல் படித்திருப்பார்கள். ஆனாலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அவர்களை முதலாண்டுக்கு விண்ணப்பிக்கும் புது மாணவராகவே பார்க்கிறது. பள்ளி முடித்த பிறகு கல்லூரியில் வழக்கமான ஒரு பருவத்தில் சேர்ந்து படித்தால்தான் மாறிவரும் மாணவர். எத்தனை கிரெடிட் என்பதைவிட எப்போது படித்தாய் என்பதுதான் அங்கே கோடு. அங்கே குடியேறிய ஒரு பழைய மாணவி தன் மகனுக்காக என்னிடம் கேட்டபோது, புது மாணவராக விண்ணப்பிப்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, சேர்ந்த பிறகு கிரெடிட்டைக் கணக்கில் எடுப்பார்களா என்பதைத் தனியாகக் கேள் என்றேன். சேர்க்கை ஒரு கேள்வி, கிரெடிட் இன்னொரு கேள்வி. நம் ஊரிலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

மெட்ரிகுலேஷனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் என் பழைய மாணவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஜொகூரின் மெட்ரிகுலேஷன் கல்லூரி தங்காக்கில் இருக்கிறது. ஒரு வருடத்தில் முடியும் படிப்பு, பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. 2002-இல் தகுதி அடிப்படை என்று அறிவித்த பிறகும் அங்கே பூமிபுத்ராக்களுக்குத் தொண்ணூறு, மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு என்ற இன ஒதுக்கீடு இருந்தது. 2019-இல் இடங்களை இருபத்தைந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரமாகக் கூட்டினார்கள், விகிதத்தைத் தொடவில்லை. 2024-இல் பத்து ‘ஏ’யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் என் மேசைக்கு வருகிறவர்களில் பத்து ‘ஏ’ எடுத்தவர்கள் எத்தனை பேர்? ஐந்து, ஆறு ‘ஏ’ எடுத்து, இடம் கிடைக்காமல், கோபத்தில் எந்த டிப்ளோமா கைக்கு வந்ததோ அதில் சேர்ந்தவர்கள்தான் மூன்று வருடம் கழித்து என்னிடம் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு ஏற்ற இடம் ஆறாம் படிவம் என்று நான் சொன்னபோது, ‘ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு இன்னும் ஒன்றரை வருஷமா’ என்று சிரித்தார்கள்.

என் கருத்தை ஒளிக்கவில்லை. படிப்பில் நடுத்தரத்துக்கு மேலிருக்கும், எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு எஸ்.டி.பி.எம்.மை விட மலிவான, அகலமான வழி இந்த நாட்டில் இல்லை. 2012 முதல் அது மூன்று தவணைத் தேர்வாக இருக்கிறது, ஒரே பரீட்சையில் தலையெழுத்தைத் தீர்க்கும் பழைய காலமில்லை. சிங்கப்பூரின் என்.யூ.எஸ்., என்.டி.யூ. பல்கலைக்கழகங்கள் வரை அதை ஏற்கின்றன. அங்கே கல்விக் கட்டண மானியம் வாங்கினால் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு. ஜொகூர்க்காரர்களுக்கு அது தண்டனையா என்ன? இங்கேயே படிப்பதென்றால், யூ.பி.யூ. தகுதிப் புள்ளியில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளி பஸ் மதியமே கிளம்பிவிடுவதால் தூரத்துத் தாமான் பிள்ளைகள் சங்கம், விளையாட்டு எதிலும் நிற்க முடியாமல் அந்தப் பத்தை இழக்கிறார்கள். இதைப் பற்றி மேடையில் பேசும் தலைவர்கள் ஒரு மாலை நேர வேன் ஏற்பாடு செய்தால் போதும்.

எந்தத் துறை என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு டிப்ளோமா நல்லது. நடுவில் நின்றாலும் கையில் ஒரு தகுதி இருக்கும். பாசிர் கூடாங், பெங்கேராங் தொழிற்சாலைகளும், குலாய் பக்கம் எழுந்துகொண்டிருக்கும் தரவு மையங்களும் டிப்ளோமாக்காரர்களைத் தேடுகின்றன. ஆனால் காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதிக்கும் அண்ணன்களைப் பார்த்து, ‘ஒரு வருஷம் வேலை செஞ்சிட்டு அப்புறம் படிக்கிறேன்’ என்று போகும் எஸ்.பி.எம். பையன்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் என் வாதம் எடுபடுவதில்லை. ஒரு வெள்ளி மூன்று வெள்ளியாகும் கணக்குக்கு முன்னால் என் கிரெடிட் கணக்கு சிறிதாகிவிடுகிறது. திரும்பி வந்து படித்தவர்களும் உண்டு. குறைவு.

டிப்ளோமாவில் சேரப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். இந்த டிப்ளோமாவை ஏற்கும் டிகிரி எது, எந்தப் பல்கலைக்கழகத்தில், என்ன சி.ஜி.பி.ஏ. கேட்கிறார்கள் என்று யூ.பி.யூ. பக்கத்தில் தேடி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காத டிப்ளோமாவில் சேரவேண்டாம். ஏற்கெனவே கடைசி செமஸ்டரில் இருந்தால், படித்த எல்லாப் பாடங்களின் விவரத்தாளையும் கல்லூரி முத்திரையோடு இந்த மாதமே வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள்.